டாக்டருக்குப் படிக்க முடியாமல் போன ஒருவரின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு இது. காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். 1994-இல் என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவள். அவள் மகளுக்கு இரண்டாவது தடவையும் நீட் தேர்வில் மெடிக்கல் சீட் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. அம்மாவுக்கு அழுகையில் பேச்சே வரவில்லை. பெண்தான் போனை வாங்கிப் பேசினாள். "பாட்டி, எனக்கு ஆஸ்பத்திரியிலதான் வேலை செய்யணும்னு ஆசை. டாக்டர் ஆக முடியலேன்னா அங்க எனக்கு என்ன இருக்கு?"

இதே கேள்வியை 1986-இல் ஒரு பையன் என்னிடம் கேட்டான். கணக்கில் புலி. பயாலஜியில் சில மதிப்பெண்களில் சீட் தவறிவிட்டது. நான் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அதெல்லாம் டாக்டருங்க இடம்ப்பா. நீ பி.எஸ்சி. கணக்கு எடுத்துட்டு பேங்க் பரீட்சை எழுது." எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துச் சொல்லிவிட்டேன். அவனும் தலையாட்டிவிட்டுப் போனான்.

இந்தத் தடவை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. "ஒரு வாரம் டைம் கொடும்மா, எழுதியே தர்றேன்" என்றேன். அவளுக்காக எழுதத் தொடங்கியது இது. எல்லோரும் படிக்கலாம்.

ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்று ஒருவர். 1897-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா லெனார்டு ஹில் பெரிய உடலியல் விஞ்ஞானி. பையனும் டாக்டர் ஆக வேண்டும் என்றுதான் இருந்தான். அதற்குள் முதல் உலகப் போர் வந்தது. கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்து பைலட் ஆனார். கிரேக்கத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். அங்கே 1917-இல் காசநோய் பிடித்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் டி.பி. என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மருந்தே கிடையாது. படுக்கை, நல்ல காற்று, பால், முட்டை, தெய்வச் செயல். ஹில் பிழைக்க மாட்டார் என்றே நினைத்தார்கள். இரண்டு வருஷம் படுக்கை, அப்புறம் இரண்டு வருஷம் தேறுதல். இருபதிலிருந்து இருபத்து நான்கு வயது வரை, நம் பிள்ளைகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற வருஷங்கள், அப்படியே போயின. அந்த உடம்பை வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரியில் ஐந்தாறு வருஷம் ஓடியாட முடியாது. கதவு சாத்திவிட்டது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? தபால் வழியில் லண்டன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். 1922-இல் பட்டம். பொருளாதாரத்தின் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. உடம்பு இடம் கொடுத்த படிப்பு அது. படித்து முடித்த பிறகும் மனசு மருத்துவத்தின் பக்கமே இருந்தது.

நல்ல வேளையாக மேஜர் கிரீன்வுட் என்று குடும்ப நண்பர் ஒருவர் இருந்தார். (மேஜர் என்பது ராணுவப் பதவி இல்லை, அவர் பெயரே அதுதான்.) டாக்டருக்குப் படித்துவிட்டு, வைத்தியம் பார்க்கப் பிடிக்காமல் புள்ளியியலுக்குப் போனவர். அவர் ஏற்பாட்டில் ஹில்லுக்கு மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் உதவித்தொகையில் ஒரு வேலை கிடைத்தது. எசெக்ஸ் என்கிற மாவட்டத்தில் கிராமத்து இளவயதினர் ஏன் அதிகமாகச் சாகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். திடகாத்திரமானவர்கள் வேலை தேடி டவுனுக்குப் போய்விட்டால் ஊரில் மிஞ்சுகிறவர்களின் இறப்பு விகிதம் தானாகவே கூடித் தெரியாதா என்று அவர் ஆராய்ந்தார். 1925-இல் அறிக்கை வந்தது. நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் இன்று கேட்க வேண்டிய கேள்விதான் அது.

வேலை பார்த்துக்கொண்டே யுனிவர்சிட்டி காலேஜில் கார்ல் பியர்சனின் புள்ளியியல் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். கோ-எஃபிஷியன்ட் ஆஃப் கோரிலேஷன் போட்டுத் திணறியவர்கள் நினைவில் கொள்ளுங்கள், அந்தப் பியர்சன்தான்.

இங்கே ஒரு நிமிஷம் பின்னால் போக வேண்டும். புள்ளியியலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்று முதலில் பிடிவாதம் பிடித்தவர்களில் ஒருவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கையில் விளக்கோடு நிற்பது போலப் படம் போட்டு வைத்திருக்கிறோமே, அதே ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் இருந்து திரும்பிய பிறகு அவர் செய்ததில் பெரும்பகுதி கணக்கு வேலை. எத்தனை சிப்பாய்கள் குண்டடி பட்டுச் செத்தார்கள், எத்தனை பேர் தடுக்கக்கூடிய நோயில் செத்தார்கள் என்று வண்ணப் படம் போட்டு மந்திரிகளின் முகத்துக்கு முன்னால் நீட்டினார். 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர். நம் நாட்டில் இருந்த ஆங்கிலேயப் படையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்று 1863-இல் வந்த அறிக்கைக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. எழுபது வயதைக் கடந்த பிறகு, 1891-இல், ஆக்ஸ்ஃபோர்டில் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த வேண்டும், பணம் தருகிறேன் என்று ஃபிரான்சிஸ் கால்டனுக்கு எழுதினார். பேச்சுவார்த்தை நடந்தது, யோசனைகள் வந்தன, கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை.

ஆகவே ஹில் வந்தபோது, 'ஆஸ்பத்திரிக்குள் டாக்டர் அல்லாதவர் படிக்க வேண்டிய படிப்பு' என்று வாசலில் போர்டு மாட்டிய கல்லூரி அங்கே அநேகமாக இல்லை. 1929-இல் லண்டனில் சுகாதாரம் மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் புதுக் கட்டடம் திறந்தது. கிரீன்வுட் அங்கே பேராசிரியர் ஆனார், ஹில்லும் கூடவே போனார். டாக்டர் பட்டம் இல்லாத இந்த மனிதர் டாக்டர்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

ஒரு டீச்சராக எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. அவருடைய வகுப்புக்கு வந்தவர்களுக்குக் கணக்கு என்றால் வேப்பங்காய். ஹில் சூத்திரங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவர்களுடைய நோயாளிகளையே உதாரணமாக வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாடங்கள் 1937-இல் லான்செட் பத்திரிகையில் தொடராக வந்து, அதே வருஷம் புத்தகமும் ஆயின. அதில் ஒரு முக்கியமான விஷயத்தை வேண்டுமென்றே பட்டும் படாமலும்தான் எழுதினாராம். முழுசாகச் சொன்னால் டாக்டர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்று பயம். வயதான பிறகு அவரே ஒப்புக்கொண்டது இது. நானும் பத்தாம் வகுப்பில் டிரிக்னாமெட்ரி ஆரம்பிக்கும் முதல் நாள் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

அந்த முக்கியமான விஷயம்தான் 1947-இல் மேடைக்கு வந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்று அமெரிக்காவில் மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். போரில் நொடித்துப்போன பிரிட்டனிடம் டாலர் இல்லை. வாங்க முடிந்த மருந்து கொஞ்சம், நோயாளிகளோ ஆயிரக்கணக்கில். யாருக்குக் கொடுப்பது?

டாக்டரிடம் விட்டால் என்ன ஆகும்? பிழைப்பார் என்று தோன்றுகிறவருக்குக் கொடுப்பார். அல்லது பார்த்துப் பாவப்பட்டவருக்குக் கொடுப்பார். மனுஷ இயல்பு. ஆனால் அப்படிக் கொடுத்துவிட்டு, "மருந்து வேலை செய்தது" என்று சொன்னால் அதில் மருந்தின் பங்கு எது, டாக்டரின் தேர்வின் பங்கு எது என்று பிரிக்கவே முடியாது. ஒன்றுவிட்டு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பார்கள். அதிலும் அடுத்தது யார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், வேண்டியவரை வரிசையில் ஒரு இடம் தள்ளி நிறுத்திவிடலாம். நம் ரேஷன் கடை க்யூவில் பார்க்காததா!

ஹில் செய்தது இது. எந்த ஒழுங்கும் இல்லாத எண்களின் அட்டவணை ஒன்றை வைத்து யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்று முன்பே தீர்மானித்து, ஒவ்வொன்றையும் உறையில் போட்டு ஒட்டிவிட்டார். நோயாளி ஆய்வில் சேர்க்கப்பட்ட பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கும் அது எந்தப் பிரிவு என்று தெரியாது. மொத்தம் 107 பேர். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4. மருந்து பெறாத 52 பேரில் 14. 1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. இன்றைக்கு எந்தப் புது மருந்தையும் சோதிப்பதற்கு முன்மாதிரியாகச் சொல்கிற ஆய்வுகளில் இது முக்கியமானது.

மருந்து கிடைக்காத அந்த 52 பேரை நினைத்தால் எனக்கு மனசு சங்கடப்படத்தான் செய்கிறது. தாங்கள் ஒரு ஆய்வில் இருக்கிறோம் என்றுகூட அவர்களிடம் சொல்லவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது. எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லாத நிலையில், யார் முகத்தையும் பார்க்காமல் பங்கிடுவதே நியாயம் என்பது ஹில்லின் வாதம். எனக்கு முழுசாகச் சமாதானம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இதை ஏற்பாடு செய்தவருக்கும் முப்பது வருஷம் முன்னால் அதே நோய். அதனால்தான் அவர் டாக்டர் ஆகவில்லை.

அடுத்த கதையில் இன்னும் சிலர் வருகிறார்கள். நுரையீரல் புற்றுநோய் ஏன் இப்படி ஏறுகிறது என்று ஹில்லும், ரிச்சர்டு டோல் என்ற இளம் டாக்டரும் கண்டுபிடிக்கப் புறப்பட்டார்கள். 20 லண்டன் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளிடம் போய் உட்கார்ந்து பொறுமையாகக் கேள்வி கேட்க வேண்டும். அதைச் செய்தவர்கள் ஆல்மனர் என்ற பதவியில் இருந்த நாலு பேர். ஆல்மனர் என்றால் ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1895-இல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையாரை முதன்முதலில் இந்த வேலைக்கு வைத்தார்கள். இலவச வைத்தியத்துக்கு யார் தகுதி என்று விசாரிப்பதுதான் ஆரம்பத்தில் வேலை. போகப் போக, வீட்டில் சோறு இருக்கிறதா, மருந்து வாங்கக் காசு இருக்கிறதா என்று கேட்கிறவர்களாக மாறினார்கள்.

புற்றுநோய் வந்த 649 ஆண்களையும், வேறு நோய்க்காக வந்த 649 ஆண்களையும் ஒப்பிட்டார்கள். புகைபிடிக்காதவர்கள் முதல் கூட்டத்தில் 2 பேர், இரண்டாவது கூட்டத்தில் 27 பேர். சரி, கேள்வி கேட்டவர்களுக்கு யாருக்குப் புற்றுநோய் என்று தெரியுமே, அவர்களிடம் அழுத்திக் கேட்டிருக்கலாமே? இந்தச் சந்தேகம் ஹில்லுக்கும் வந்தது. புற்றுநோய் என்று முதலில் சந்தேகிக்கப்பட்டு, பிறகு இல்லை என்று ஆனவர்களின் பதில்களைத் தனியாக எடுத்துப் பார்த்தார். கேட்டபோது அவர்களும் புற்றுநோயாளிகள் என்றே நினைத்துக் கேட்டது. ஆனால் அவர்களுடைய பழக்கம் இரண்டாவது கூட்டத்தோடுதான் ஒத்துப்போனது. ஆக, கேட்ட விதத்தில் கோணல் இல்லை. கணக்கில் விடையைச் சரிபார் என்று நான் தொண்டை கிழியக் கத்துவேனே, அதன் அழகு இதுதான். 1950-இல் வெளியிட்டார்கள். டோல் தன் சிகரெட்டை விட்டுவிட்டார். ஹில் 1961-இல் சர் பட்டம் பெற்றார், 1991-இல் காலமானார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். உறவுகள் இதைக் கவனமாகப் படியுங்கள், நம் பெரியப்பா இதில் வருகிறார்.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை ராஜ்ய அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம். ஹில்லின் உறைகளுக்குப் பணம் கொடுத்த அதே பிரிட்டிஷ் குழுதான். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிமையானது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் ஆக வேண்டுமா, அல்லது வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதுமா? நாட்டில் இருந்த நோயாளிகள் எங்கே, படுக்கைகள் எங்கே! விடை தெரியாவிட்டால் பெரும்பாலோர் வரிசையில் காத்திருந்தே சாக வேண்டியதுதான்.

சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை, ஹில் காட்டிய முறையிலேயே, யார் முகத்தையும் பார்க்காமல் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு. அங்கே நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். மீதிப் பேர் தங்கள் ஒண்டுக்குடித்தன அறைகளிலேயே. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம். 1959-இல் முடிவு வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டில் இருந்து மருந்து எடுத்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. சானடோரியம் கட்டிக்கொண்டே போவதை உலகம் கைவிட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

அந்த மையத்தில் டாக்டர்கள் மட்டும் இருக்கவில்லை. எஸ். ராதாகிருஷ்ணா புள்ளியியலாளராக இருந்தார், பின்னாளில் சென்னையிலேயே மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். நோயாளி நிஜமாகவே மாத்திரை முழுங்குகிறாரா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீர் வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எல்லாவற்றையும் அட்டையில் எழுதி வைத்தார்கள். அந்த அட்டை இல்லாவிட்டால் ஆய்வே இல்லை.

பெரியப்பா சிந்தாதிரிப்பேட்டையில் அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டர். 1962-இல் இருமலில் ரத்தம் வந்தது. எனக்கு ஏழு வயசு. தனித் தட்டு, தனி டம்ளர். அவரைத் தாம்பரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று அத்தை அழுதாள். சேத்துப்பட்டு சென்டரில், "வீட்டிலேயே இருக்கலாம், மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பி.ஏ.எஸ். மருந்தை விழுங்க அவர் பட்ட பாடு! ஒருநாள் மத்தியானம் வெள்ளைப் புடவை கட்டிய அம்மா ஒருவர் திடீரென்று வந்து பாட்டிலை நீட்டிச் சிறுநீர் கேட்க, எங்கள் பாட்டி வெகுண்டு, "இது என்னடி வெட்கக்கேடு" என்று சண்டைக்குப் போனது இன்னும் கண் முன்னால் நிற்கிறது. அந்தம்மா சிரித்துக்கொண்டே காத்திருந்து வாங்கிக்கொண்டு, அட்டையில் எழுதிவிட்டுப் போனார். ஏன் வந்தார் என்று எனக்குப் புரிய நாற்பது வருஷம் ஆயிற்று.

பெரியப்பா குணமாகி, மறுபடி அச்சுக் கோத்து, மூன்று பெண்களுக்குக் கல்யாணம் பண்ணி வைத்து, 1988 வரைக்கும் இருந்தார். எந்த வருஷம் எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். "வீட்டில் வைத்தே பார்க்கலாம்" என்ற முடிவை எண்ணிப் பார்த்துச் சொன்னவர்கள் யார் என்று நாம் கேட்டதே இல்லை.

சரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். ஹில்லைப் போல அவள் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக நுழைய வேண்டியதில்லை. இன்று வாசல்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் 1934-லேயே மருத்துவமனை நிர்வாகத்துக்குப் பட்டப்படிப்பு ஆரம்பித்தது. அதை ஏற்படுத்திய மைக்கேல் டேவிஸும் டாக்டர் அல்ல, சமூகவியல் படித்தவர். நம் நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்றே 1932-இல் கல்கத்தாவில் ஒரு நிறுவனம் வந்தது. இப்போது வேலூர் சி.எம்.சி.யில் உயிரியல் புள்ளியியலில் எம்.எஸ்சி. உண்டு. ராதாகிருஷ்ணா தலைமை வகித்த நிறுவனமும் ஆவடியின் தொழுநோய் ஆய்வு மையமும் 1999-இல் ஒன்றாகி, அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமாக இருக்கின்றன. மருத்துவமனை நிர்வாகம், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், சமூகப் பணி, பொது சுகாதாரம் என்று படிப்புகள் இருக்கின்றன.

அவளுக்கு என் யோசனை, முதலில் புள்ளியியலோ கணக்கோ பொருளாதாரமோ ஒழுங்காக ஒரு இளநிலைப் பட்டம். அதற்கு மேல் இவற்றில் ஒன்று. பளபளப்பான நோட்டீஸ் அச்சடித்து, "ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட், உடனடி வேலை" என்று லட்சக்கணக்கில் பணம் கேட்கிற இடங்களுக்குப் போவதற்கு முன், பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்கிறதா, பயிற்சிக்கு நிஜமான ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். என் சொந்தத்திலேயே ஒரு பிள்ளை அப்படி ஏமாந்து, வரவேற்பு மேஜையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். சம்பளமும் ஆரம்பத்தில் டாக்டர் சம்பளம் மாதிரி வராது. அதையும் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் நேற்றுப் பேசினாள். ஹில் கதையை முழுக்கக் கேட்டாள். "பாட்டி, அந்த உறையை யாராவது வெளிச்சத்துல தூக்கிப் பார்த்திருந்தா?" என்றாள். நல்ல கேள்வி, எனக்கு அது தோன்றவே இல்லை.

என் மாணவர்களில் ஆஸ்பத்திரி அலுவலகத்தில், ரெக்கார்டு பிரிவில், பொது சுகாதாரத் துறையில், மருந்து ஆய்வுகளில் வேலை செய்கிறவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். என்ன படித்தீர்கள், எந்த வருஷம், இப்போது என்ன வேலை என்று மட்டும் போதும். அவளுக்கு அனுப்பி வைக்கிறேன்.

1986 பேட்ச் யாராவது இதைப் பார்த்தால், மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தனியாகத் தெரியப்படுத்துங்கள்.